ஃபிளாப் நீலமானால் ஓசோன் பையைத் தேடாதீர்கள்

போன வாரம் ராத்திரி ரவுண்ட்ஸில் ஒரு பி.ஜி. மாணவர் ஃபிளாப்பை (காயத்தை மூட, ரத்த ஓட்டத்தோடு எடுத்து வைக்கும் தோல் அல்லது தசைத் துண்டு) டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், ஓசோன் வச்சுப் பார்க்கலாமா?" என்றார். அவர் வயதில் நான் கேட்ட அதே கேள்வி. கட்டை இறுக்கிக் கட்டுவது, பெடிக்கிள் (ஃபிளாப்புக்கு ரத்தம் தரும் குழாய்க் காம்பு) நசுங்கப் படுக்கவைப்பது போன்ற தவறுகளை வார்டு சிஸ்டரே அதட்டித் திருத்திவிடுவார்; அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைச் சொல்கிறேன்.

"காலையில் பார்த்துக்கலாம்"

எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னர் லாரி ஏறி, கணுக்காலுக்கு மேல் எலும்பு தெரிய வந்த பையன். தொடையிலிருந்து ஃப்ரீ ஃபிளாப் (முழுதாகப் பிரித்தெடுத்து, அதன் குழாய்களைக் காயத்தருகே உள்ள ரத்தக் குழாய்களோடு தைப்பது) எடுத்து மூடியிருந்தோம். மறுநாள் இரவு ஒன்றரை மணிக்கு அது கத்தரிப்பூ நிறத்தில் உப்பியிருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் சட்டென்று திரும்பியது. ஊசியால் குத்தினேன், டிகாக்ஷன் மாதிரி கறுத்த ரத்தம் மளமளவென வந்தது. ரத்தம் வருகிறதே, உயிர் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மடத்தனம். உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கினால்தான் அப்படி வரும். சிரை அடைத்திருந்தது. தமனி அடைத்தால் ஃபிளாப் வெளுத்துச் சில்லிட்டுப்போகும், குத்தினாலும் ரத்தம் வராது. கட்டைத் தளர்த்தி, ஓரிரு தையலைப் பிரித்து, பி.பி. பார்த்து, ஐந்து நிமிடத்தில் நிறம் மாறவில்லையென்றால் இரண்டுக்குமே தியேட்டர்தான்.

நான் சீஃபை எழுப்பப் பயந்து, கால்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி ஓசோன் விட்டேன். தோல்மேல் படும் வாயு, உள்ளே இரண்டரை மில்லிமீட்டர் சிரையில் உறைந்த கட்டியை என்ன செய்யும்? ஏழு மணிக்குத் திறந்து கட்டியை எடுத்து மறுபடி தைத்தோம். பெரிய குழாய் ஓடியது; நுண்குழாய்கள் திறக்கவேயில்லை. இதற்கு நோ-ரீஃப்ளோ என்று பெயர்; ஃபிளாப் செத்தது. அடுத்த வாரம் மறு தொடையில் கத்தி வைத்தோம். "முதல்ல வச்சது என்ன சார் ஆச்சு?" என்று அவன் அம்மா கேட்டதற்கு நான் சார்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அடைப்புகளில் பெரும்பாலானவை முதல் 72 மணி நேரத்துக்குள் வருபவை. அப்போது மணிக்கணக்குதான் பேச்சு; தசை ஃபிளாப்புக்கு தோலைவிடவும் குறைவான நேரமே உண்டு. ஓசோன் நேரடியாகக் கெடுத்ததைவிட, 'ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்' என்ற நிம்மதியைக் கொடுத்துத்தான் என்னைக் கெடுத்தது. இன்றைக்கும் அந்தப் பையைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

எலி முதுகை நம்புவது

ஓசோன் ஆய்வுகளில் நிறைய எலி முதுகில் தோலை நீளமாக உரித்துத் தைத்துச் செய்தவை. குறைந்த அளவு ஓசோன், திசுவின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகளைத் தூண்டும் என்பது கருத்து. அங்கே கேள்வி, ரத்தம் சரியாக எட்டாத நுனி எவ்வளவு கருகும் என்பது. பெடிக்கிள் அடைத்த ஃபிளாப் வேறு கதை. எலித் தோல் தளர்ந்து நழுவும், அடியில் தனித் தசைப் படலமும் உண்டு. நம் முழங்காலுக்குக் கீழ் அந்த வசதி ஏது? மருத்துவப் பயன் எதுவும் அறியப்படாத நச்சு வாயு என்றுதான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் விதி ஓசோனைச் சொல்கிறது.

ஆக்சிஜன் அறையோடு குழப்புவது

ஹைபர்பாரிக் ஆக்சிஜன் (அழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பது) வேறு, ஓசோன் வேறு. முன்னதற்கும் அடைப்பு திறந்த பிறகே வேலை.

சிரையில் வாயுவை ஏற்றுவது

எம்பாலிசம், அதாவது வாயுக் குமிழி போய் ரத்தக் குழாயை அடைத்துவிடும். கூடவே கூடாது.

பீடி

புகை ரத்தக் குழாயைச் சுருக்கி ஃபிளாப்பைக் கெடுக்கும். ஆனாலும் ஓசோனுக்குப் பணம் கட்டிவிட்டு வாசல் டீக்கடையில் ஒன்று பற்றவைப்பவரை நான் வாரத்துக்கு இருமுறையாவது பிடிக்கிறேன்.