இழுப்பறையில் ஒரு தாள் இருந்தால் போதுமா? குவாரி, கிரஷர், ஆலைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி மாவட்டம் பணகுடிப் பக்கம் ஒரு கிரஷர், அதாவது கல்லை உடைத்து ஜல்லியாக்கும் ஆலை. முதலாளி இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். "எல்லாம் பக்காவா இருக்கு தம்பி." பார்த்தால் அது குவாரிக்கு வாங்கிய சுற்றுச்சூழல் அனுமதி. ஈ.சி. என்பார்களே, அது. "கிரஷருக்கு வாரியத்தோட கன்சென்ட் எங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அதான இது?" என்றார்.

இந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் இல்லை. குத்தகை தருவது கலெக்டர். சுரங்கத் திட்டத்துக்கு ஒப்புதல் கனிமவளத் துறையிடம். ஈ.சி. தருவது மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். கன்சென்ட், அதாவது இசைவாணை, தருவது மாசு கட்டுப்பாட்டு வாரியம். 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின்படியும், முதலில் நிறுவ, அப்புறம் இயக்க. கிரஷர் குவாரியை ஒட்டியே இருந்தாலும் அது தனி ஆலை, அதற்குத் தனி கன்சென்ட். ஒவ்வொரு தாளுக்கும் முடியும் தேதி வேறு வேறு. அந்தத் தேதிகளை நாள்காட்டியில் எழுதி மாட்டுங்கள். இழுப்பறைக்குள் கிடக்கும் தேதி யாருக்கும் ஞாபகம் வராது.

அடுத்தது, "அஞ்சு ஹெக்டேருக்குக் கீழதான, ஈ.சி. தேவையில்ல" என்ற பேச்சு. 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதோடு அது முடிந்துபோனது. சிறு கனிமத்துக்கு, பரப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஈ.சி. வேண்டும். இதைத் தெரிந்தவர்கள் செய்யும் தவறு இன்னொன்று: பெரியவன் பேரில் நாலு ஹெக்டேர், சின்னவன் பேரில் நாலு ஹெக்டேர் என்று பிரித்து விண்ணப்பிப்பது. 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளையெல்லாம் சேர்த்தே கணக்கிடுவார்கள். கூட்டிப் பார்த்து ஐந்தைத் தாண்டினால் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வரை போக வேண்டியதுதான். பக்கத்தில் குவாரியே இல்லை என்று எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. செயற்கைக்கோள் படத்தில் குழி பச்சைத் தண்ணீரோடு பளிச்சென்று தெரியும்.

குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளித்தான் குவாரி என்ற விதியில் குவாரிக்காரர் குழியின் விளிம்பிலிருந்து அளப்பார், ஊர்க்காரர் குவாரியின் எல்லைக் கல்லிலிருந்து அளப்பார். எல்லைக் கல்லிலிருந்து அளந்து வைத்துக்கொண்டால் பின்னால் வம்பில்லை.

இனி காற்றை அளக்கும் கதை. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும்போது பணகுடி, வள்ளியூர் வட்டாரத்தில் தூசி முழுக்கக் கிழக்கே போகும். அந்த கிரஷரில் தூசி அளக்கும் கருவியை மேற்கு வாசல் பக்கம், ஆபீஸ் மாடியில் வைத்திருந்தார்கள். ஏன் என்றால் பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது. இருபத்துநாலு மணி நேரம் ஓடியபின் வடிதாளை எடுத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட வேட்டி வெள்ளை. ஒயரை இழுத்துக் கிழக்கு வேலியோரம் வைத்து இன்னொரு நாள் ஓட்டினோம். தாள் சாம்பல் பூசியது போல வந்தது. முதலாளிக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் கிழக்கே இருக்கும் தோட்டக்காரர் ஏன் வாரத்துக்கு ஒரு மனு போடுகிறார் என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அளந்து வாங்கிய அறிக்கையும் இதே ரகம்தான். காற்று வடகிழக்கிலிருந்து வரும், தூசி நனைந்து படிந்திருக்கும், எண் அழகாக வரும். ஆடிக்கு அது சாட்சி சொல்லாது. கிரஷரை நிறுத்தி வைத்துவிட்டு அளப்பவர்களும் இருக்கிறார்கள். அன்றைய உற்பத்திப் பதிவேட்டையும் மின்கணக்கையும் பக்கத்தில் வைத்தால் குட்டு உடைந்துவிடும். இன்னொரு குழப்பம் வரம்புகளில். பிஎம்10 என்னும் நுண் துகளுக்கு, சுற்றுப்புறக் காற்றில் 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். கிரஷரிலிருந்து 40 மீட்டரில் 600 என்பது மிதக்கும் தூசி மொத்தத்துக்கும், அதுவும் அந்த ஆலையின் பங்குக்கு மட்டும். ஊருக்குள் அளந்த எண்ணை 600-ஓடு ஒப்பிட்டு "பாஸ்" என்று எழுதிய அறிக்கையைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரிலும் இதே கூத்து நடக்கும். புழுங்கல் அரிசி ஆலையில் நெல் ஊறிய தண்ணீரைப் பழைய குளிர்பான பாட்டிலில் பிடித்து, காரின் டிக்கியில் போட்டு, மறுநாள் ஆய்வகத்தில் கொடுப்பார்கள். வெயில் சூட்டில் கிருமிகள் பாட்டிலுக்குள்ளேயே அழுக்கைத் தின்றுவிடும். பிஓடி, அதாவது தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்னக் கிருமிகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு, குறைவாகக் காட்டும். "குறைவா வந்தா நல்லதுதான?" என்று ஒருவர் கேட்டார். வாரியத்தார் ஐஸ் பெட்டியோடு வந்து எடுக்கும் மாதிரியில் உண்மை எண் வரும். வரம்பைத் தாண்டியதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். சுத்திகரிப்புத் தொட்டி சிறிசு என்பது நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியும்.

தாள் வேலைகள்: ஈ.சி. நிபந்தனைகளுக்கான அரையாண்டு அறிக்கை ஜூன் 1, டிசம்பர் 1. அபாயகரக் கழிவின் ஆண்டுக் கணக்கு ஜூன் 30. சுற்றுச்சூழல் அறிக்கை, படிவம் 5, செப்டம்பர் 30. ஜெனரேட்டரிலும் பொக்லைனிலும் வடித்த கழிவு எண்ணெயும் அபாயகரக் கழிவுதான். கேனோடு வருகிறவருக்கெல்லாம் விற்றுவிடக் கூடாது, 90 நாளுக்கு மேல் தேக்கியும் வைக்கக் கூடாது.

சுரங்கத் திட்டத்தில் ஐந்து மீட்டர் உயரம், ஐந்து மீட்டர் அகலம் என்று படிப்படியாக வரைந்திருப்பார்கள். நேரில் போனால் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். படி விட்டால் அந்த அகலத்தில் இருக்கும் கல் வீண் என்று நினைப்பு. 2022 மே 14 இரவு அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கி, நாலு பேர் இறந்தார்கள். அதன்பிறகு மாவட்டத்துக் குவாரிகளில் அதிகாரிகள் இறங்கி அளந்தார்கள். வரைபடம் நிலத்தோடு ஒத்துப்போகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது நீங்களே சங்கிலி பிடித்துப் பாருங்கள்.

கடைசியாக, நிலம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு. கல் எடுத்து முடிந்த குழியையோ தரிசையோ "மண் போட்டு நிரப்பித் தாரோம்" என்று யாராவது கேட்டால், என்ன மண், எங்கிருந்து, எந்த லாரி என்று எழுதி வாங்காமல் விடாதீர்கள். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனதும், பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு வைத்ததும், கேரளத்து லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போனதும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குப்பைக்குள் கிடந்த சீட்டுகளில் ஆஸ்பத்திரிப் பெயர் இருந்ததால்தான் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிந்தது. உங்கள் நிலத்தில் அப்படி ஏதாவது கிடந்தால் நாற்றம் தாங்காமல் தீ வைத்துவிடாதீர்கள், ஜேசிபி விட்டு மூடவும் வேண்டாம். வெறுங்கையால் தொடாமல், சீட்டு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு, விஏஓவிடமும் காவல் நிலையத்திலும் அன்றைக்கே எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.