ஓடையோரச் சிற்றூருக்கு வெள்ளத் தணிப்புத் திட்டம் வகுக்கும் முறை

ஆற்றில் வரும் வெள்ளத்தைப் பல மணி நேரம் முன்னதாகவே அறிந்துகொள்ள வாய்ப்புண்டு. ஐந்தாறு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு (மழைநீர் வடிந்து வந்து சேரும் நிலப்பரப்பு) மட்டுமே உள்ள ஓடையிலோ, மழை வலுத்து ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் நீர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஓடை என்பது பெரும்பாலும் ஏரிகளின் சங்கிலியில் ஒரு கண்ணியாகும். மேல் ஏரி நிரம்பி அதன் கலிங்கு (மிகுநீர் வெளியேறும் அமைப்பு) வழிந்தால் அந்நீர் கீழ் ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயில் இறங்கும். ஆகவே, ஊர் எல்லைக்குள் மட்டும் நின்று தூர்வாருவதிலிருந்து தொடங்கும் திட்டம் பாதித் திட்டம்தான்.

முதலில் நீர்ப்பிடிப்புப் பரப்பை வரைந்துகொள்ள வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடம் நல்ல தொடக்கம் என்றாலும், அதில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வருவதால், சமதரையான கடலோர மாவட்டங்களில் நீர் எப்பக்கம் சரிகிறது என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. வயல்களுக்கு ஏரிநீரைப் பங்கிட்டு விடும் ஊர் நீர்க்கட்டியையும் மூத்த உழவர்களையும் அழைத்துக்கொண்டு, மழை பெய்யும் நாளிலேயே ஓடை நெடுக நடந்து பார்ப்பது அதைவிடத் தெளிவைத் தரும். உயர்த்தப்பட்ட சாலையும் ரயில் பாதையும் மண் கொட்டி மேடாக்கிய மனைப்பிரிவும் பழைய நீர்வழியைத் திருப்பியிருக்கும். பக்கத்து ஊருக்குப் போக வேண்டிய நீர் உங்கள் ஓடைக்கு வந்துகொண்டிருப்பதும் உண்டு.

அடுத்ததாக, முந்தைய வெள்ளங்களின் உயரத்தைச் சுவர்களில் குறிக்க வேண்டும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, அடையாற்றின் மேற்பகுதியில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற ஊர்கள் மூழ்கின. அப்படிப்பட்ட நாளில் ஒவ்வொரு தெருவிலும் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதைப் போலவே, எத்தனை மணிக்கு, எத்திசையிலிருந்து வந்தது என்பதையும் வீடு வீடாகக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். என் கருத்தில், இந்தப் பதிவேடு விலையுயர்ந்த ஆய்வறிக்கைகளைவிடப் பயனுள்ளது.

பிறகு கணக்கு. நீர்ப்பிடிப்பு 500 ஹெக்டேர், மழை மணிக்கு 50 மி.மீ., பெய்வதில் நிலத்தின் மேல் ஓடிவரும் பங்கு 0.4 என்று கொள்வோம். மூன்றையும் பெருக்கி, அலகுகளை மாற்றுவதற்காக 360 ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 28 கனமீட்டர் வரும். வயல்கள் மனைகளாகி அந்தப் பங்கு 0.7 ஆனால், அதே மழைக்கு 49 கனமீட்டர் வரும். இப்போது ஊர்ச் சாலைக்கு அடியில் உள்ள சிறுபாலத்தைப் பாருங்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள இரண்டு குழாய்கள்தான் இருக்கின்றன என்றால், நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் மூன்று கனமீட்டரே கடக்கும். மீதமெல்லாம் சாலைக்கு மேல்புறம் தேங்கி ஊருக்குள்தான் திரும்பும். பாலம் பாலமாக இப்படி அளந்தால், பணத்தை எங்கே முதலில் செலவிட வேண்டும் என்பது விளங்கிவிடும்.

வேலையின் வரிசையும் முக்கியம். அகலப்படுத்துவதைக் கீழ்க்கோடியில் தொடங்கி மேல்நோக்கிக் கொண்டுவர வேண்டும். நடுவில் மட்டும் ஆழப்படுத்தினால் அங்கே ஒரு குளம்தான் உருவாகும். அகலத்தை முடிவுசெய்யும் முன், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேடு என்னும் நிலப் பதிவேட்டிலும் புல எல்லைகளைக் காட்டும் புலப்படத்திலும் ஓடைப் புறம்போக்கின் அளவைச் சரிபார்த்து, தரையில் இருக்கும் அகலத்தோடு ஒப்பிட வேண்டும். ஆக்கிரமிப்பு வீடுகளாக இருந்தால் மாற்றிடத்தையும் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். அந்த மக்கள்தாம் வெள்ளத்தில் முதலில் மூழ்குபவர்கள். கரையில் கான்கிரீட் சுவர் எழுப்பும் யோசனையை எளிதில் ஏற்கக் கூடாது. அது நீரை எதிர்க்கரைக்குத் தள்ளும். ஊருக்குள் பெய்யும் மழையும் வெளியேற வழியின்றிச் சுவருக்குப் பின்னால் நிற்கும்.

நீரை மேலேயே நிறுத்திவைக்க என்ன செய்யலாம்? தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் நிலத்தடி நீருக்கு நல்லவை. ஆனால், பெருவெள்ளம் பெரும்பாலும் அவையெல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்ட நவம்பர், டிசம்பரில்தான் வருகிறது. உண்மையில் கைகொடுக்கக்கூடியது ஏரியில் ஒதுக்கிவைக்கும் வெற்றிடம். 20 ஹெக்டேர் பரப்புள்ள ஏரியில் நீர்மட்டத்தை அரை மீட்டர் குறைத்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் கனமீட்டருக்கு இடம் கிடைக்கும். மேற்சொன்ன 500 ஹெக்டேரில் 10 செ.மீ. மழை பெய்து 0.4 பங்கு வீதம் ஓடிவரும் நீரில் அது சரிபாதி. ஆனால், ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) உழவருக்கு அந்த அரை மீட்டர்தான் பிற்காலப் பாசனம். எனவே, எந்த வானிலை எச்சரிக்கைக்கு மதகைத் திறப்பது, எந்த மட்டத்தில் மூடுவது, யார் திறப்பது என்பதைக் கோடையிலேயே அவர்களோடு பேசித் தீர்த்து எழுத்தில் கொண்டுவர வேண்டும். கீழுள்ள ஊரும் ஒப்ப வேண்டும். நீங்கள் விடும் நீர் அவர்களிடம்தான் போய்ச் சேரும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது, அதைவிடக் குறைவான ஆயக்கட்டுள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது என்பதால், ஒரே சங்கிலியில் இரு துறைகளின் இசைவும் தேவைப்படலாம்.

இதற்கும் எல்லை உண்டு. 2015இல் பெய்தது போல 49 செ.மீ. கொட்டினால், இதே நீர்ப்பிடிப்பில் 0.7 பங்கு வீதம் 17 லட்சம் கனமீட்டர் ஓடிவரும். ஒரு லட்சம் கனமீட்டர் வெற்றிடம் அதில் பெரிதாக எதையும் மாற்றாது. அத்தகைய மழையைத் தாங்கும் கால்வாயைச் சிற்றூர் ஒன்று கட்ட முயல்வது பொருளற்றது. ஆண்டுதோறும் வரும் வெள்ளத்துக்குப் பாலமும் கால்வாயும் மதகு ஒப்பந்தமும், பெருமழைக்கு வெளியேறும் திட்டமும் எனத் தனித்தனியே வகுக்க வேண்டும்.

வெளியேறும் திட்டத்தில், மேல் ஏரியின் கலிங்கருகே ஓர் அளவுகோல் நட்டு, அதைப் பார்த்துத் தகவல் சொல்ல அந்த ஏரி உள்ள ஊரிலேயே இருவரை அமர்த்த வேண்டும். இரவில் ஒருவர் உறங்கிவிட்டால் மற்றவர் வேண்டும். முதியோர், கருவுற்ற பெண்கள், நடமாட இயலாதோர் பட்டியலைத் தெருவாரியாகத் தயாரித்து, யாரை யார் எந்த மேட்டுக் கட்டடத்துக்கு அழைத்துச் செல்வது என்று பெயரோடு எழுதிவைக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநில அறையின் 1070 ஆகிய எண்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.

வரைவை மே 1 கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கினால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் சில மாதங்கள் கிடைக்கும். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் எந்தப் பாலம் முடிந்தது, எது நிற்கிறது என்று கேட்கலாம். அக்டோபர் 2 கூட்டத்துக்குள் சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும் பாலத்து வாய்களிலிருந்து அகற்றப்பட்டிருக்க வேண்டும். ஓடையிலேயே வெட்டிப் போட்டுவிட்டுப் போகும் ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகையை நிறுத்திவைப்பது நல்லது, ஏனெனில் அந்தக் கிளைகளே அடுத்த பாலத்தை அடைக்கும். முதல் கனமழை முடிந்ததும் மழையளவையும் ஒவ்வொரு பாலத்திலும் நீர் ஏறிய உயரத்தையும் பதிவுசெய்து, 0.4 என்று கொண்ட பங்கு சரிதானா என்று பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.