ராவெலின் பியானோ கான்செர்ட்டோவை இரண்டாம் பகுதியிலிருந்து கேட்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு பியானோ கான்செர்ட்டோவை, அதாவது தனிப் பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, கேட்டுப் பழக வேண்டுமானால், நல்ல ஒலிப்பதிவு ஒன்றைத் தேர்ந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்பதுதான் வழி. சாம்சன் பிரான்சுவா பியானோ வாசிக்க, ஆந்த்ரே க்ளுய்த்தான்ஸ் இசைக்குழுவை நடத்த, 1959இல் பாரிஸில் பதிவான, பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் இரண்டு பியானோ கான்செர்ட்டோக்களை நான் பரிந்துரைப்பேன்.

மாலை மழை தகரக் கூரையில் இறங்கும் வேளை இதற்கு ஆகாது. இரவு உணவு முடிந்து வீடு அடங்கிய பிறகு, காதொலிப்பானுடன் உட்காருங்கள்.

அவற்றில் ஒன்றான ஜி மேஜர் (சுருதியின் பெயர்) கான்செர்ட்டோ சாட்டையடி ஓசையுடன் தொடங்குகிறது. அந்தப் பரபரப்பை முதல் நாள் விட்டுவிட்டு, நேரே இரண்டாம் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே ஏறத்தாழ மூன்று நிமிடம் பியானோ தனித்தே ஒலிக்கும். தொடையில் ஆறு எண்ணிக்கை போட்டுக்கொண்டே கேட்டால், இடக்கை அந்த ஆறை மூன்று மூன்றாக இரண்டு கூறாக்கி நடப்பதும், வலக்கையின் பாட்டு அதே ஆறை இரண்டிரண்டாக மூன்று கூறாக்கி அதன்மேல் நகர்வதும் பிடிபடும். கோயில் திருவிழாவில் உறுமி மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு கணக்கின்மேல் இன்னொரு கணக்கு ஓடுவது புதிதன்று. அது இவ்வளவு மெதுவாக, ஒரே ஆளின் இரு கைகளில் நிகழ்வதுதான் புதிது. பிறகு புல்லாங்குழல் நுழையும். சற்று நேரம் கழித்து, ஓபோ என்ற ஊதுகருவியைவிடக் கனத்த குரலுடைய, அதன் இனத்தைச் சேர்ந்த இங்கிலீஷ் ஹார்ன் தொடக்கப் பாட்டை மீண்டும் எடுக்க, பியானோ பக்கவாத்தியமாகி அதைச் சுற்றி நுண்ணிய சுரங்களைப் பின்னிக்கொண்டே போகும். 1932 ஜனவரி 14 அன்று இதை முதன்முதலில் மேடையில் வாசித்த மார்கரித் லோங்கிடம், இந்தப் பாட்டை மொசார்ட்டின் கிளாரினெட் குயின்டெட் (கிளாரினெட்டும் நான்கு நரம்புக் கருவிகளும் வாசிக்கும் படைப்பு) துணையுடன் சிறிது சிறிதாகத்தான் எழுத முடிந்தது என்று ராவெல் சொன்னாராம். கேட்கும்போது அந்தப் பாடு சிறிதும் தெரிவதில்லை.

இந்தப் பகுதி பழகிய பின் முழுப் படைப்பையும் முதலிலிருந்து கேளுங்கள்.

இரண்டாவதான, இடக்கை மட்டும் வாசிக்கும் கான்செர்ட்டோவை மறுவாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பியானோ கலைஞர் பவுல் விட்கன்ஸ்டைனுக்காக எழுதப்பட்ட அது, மிகத் தாழ்ந்த சுரங்களில் முனகலாகத் தொடங்குவதால், கைப்பேசியின் ஒலிபெருக்கியில் வெறும் மௌனமாகவே தோன்றும். பதிவில் கோளாறு என்று நானும் ஒருமுறை ஒலியைக் கூட்டிவிட்டு, இசைக்குழு முழுவதும் எழுந்தபோது பதறிக் குறைத்திருக்கிறேன். பியானோ நுழைந்ததும் உங்கள் வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையை மேசைமேல் விரித்துப் பாருங்கள்: மேலே ஒலிக்கும் பாட்டு பெரும்பாலும் கட்டைவிரலின் வேலை, கீழே அதிர்வது சுண்டுவிரலின் வேலை.