விசுவாசத்துக்கு வந்த புதிதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் கிறிஸ்தவ சபையின் வாலிபர் கூட்டத்துக்குப் புதிதாக வரும் தம்பிகள், நாங்கள் அந்த வயதில் இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். குடிக்காதே, சூதாடாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சும்மா கூட உட்காருவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. சமையல் கோஷ்டியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடிந்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்ததும் பின்கட்டில் பாட்டில் திறப்பார்கள். மாஸ்டர் கூலி பிரிப்பதும் அங்கேதான். "நான் குடிக்க மாட்டேண்ணே, சும்மா உட்காருவேன். அவங்களையும் ஆண்டவர்கிட்ட கொண்டுவரணும்ல?" என்றான். முதலில் சோடா. அப்புறம் கேலி. ஆவணி முகூர்த்தங்கள் முடிவதற்குள் கூலி மொத்தமும் அங்கேயே கரைந்தது. வீட்டு வாடகைக்கு அவன் அம்மா வட்டிக்கு வாங்கினார்.

இங்கே ஆளைக் கவிழ்ப்பது நல்லெண்ணம்தான். இயேசுவிடம் "சாவதற்கும் தயார்" என்ற சீஷன் பேதுரு, அதே இரவில் பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் வேலைக்காரரோடு குளிர்காயும்போதுதான் அவரைத் தெரியாது என்று மறுதலித்தார். எஜமான் போத்திபாரின் மனைவி படுக்கைக்கு அழைத்தபோது யோசேப்பு நாள்தோறும் வாயால் மறுத்தான்; அவள் வஸ்திரத்தைப் பிடித்ததும் பேச்சை விட்டான், வஸ்திரத்தையும் விட்டான், ஓடினான். அதற்காகச் சிறைக்கும் போனான். பாலிய இச்சைகளுக்கு விலகி ஓடு என்றுதான் பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

அந்தத் தம்பிக்கு இப்போது கூலி ஜிபேயில் வருகிறது. கடைசிப் பந்தி இலை எடுத்ததும் சபை அண்ணன் ஒருவர் பைக்கோடு வாசலில் நிற்பார். மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லியாயிற்று. சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். கோஷ்டி ஆட்களிடம் ஆண்டவரைப் பற்றிப் பேச வேண்டுமா? காலையில் வெங்காயம் உரிக்கும்போது பேசட்டும்.

வசனத்தை மந்திரமாக்குவது

இயேசுவை ஆலயத்து உப்பரிகையில் நிறுத்தி, பிசாசும் 91-ஆம் சங்கீதத்தைத்தான் சொன்னான்: குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று. கர்த்தரைச் சோதித்துப் பார்க்காதே என்று உபாகமத்திலிருந்து பதில் சொன்னார் இயேசு. "கர்த்தர் காப்பார்" என்று சொல்லிக்கொண்டே பாருக்குள் நுழைவதும் அதே குதிதான்.

கெட்டது மட்டுமே சோதனை என்று நினைப்பது

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓரியூர் போகிறவர்களுக்கு அருளானந்தரை, அதாவது போர்ச்சுகலிலிருந்து வந்த ஜான் டி பிரிட்டோ பாதிரியாரைத் தெரியும். 1686-இல் மறவர் நாட்டில் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். பிறகு ஐரோப்பா போனபோது, இளவரசனுக்கு ஆசிரியராக இங்கேயே இருந்துவிடுங்கள் என்று போர்ச்சுகல் மன்னர் கேட்டார். கௌரவமான வேலை, பாவம் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் 1690-இல் திரும்பி வந்தார். 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்டார். ஞாயிறு ஆராதனையை விடச் சொல்லும் நல்ல சம்பள வேலை வரும்போது இதை யோசியுங்கள்.

தனியாகச் சமாளிப்பது

வேண்டாம்.

விழுந்தபின் ஒளிந்துகொள்வது

மறுதலித்த பேதுரு மற்ற சீஷர்களை விட்டுப் போகவில்லை. திபேரியா கடலில் அவர்களோடுதான் வலை வீசினார். வெட்கமாக இருந்தால் கடைசி வரிசையில் உட்காருங்கள். ஆனால் அந்த வாரமே வாருங்கள்.