குழந்தைக்கு ஆபரேஷன்: பாசத்தில் நாம் செய்கிற தவறுகள்

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததுமே பெற்றவர்களுக்குத் தூக்கம் போய்விடும். குழந்தை பயந்துவிடுமே, பசி தாங்காதே, தேதி தள்ளிப் போய்விடுமே என்று ஒவ்வொன்றாக மறைக்க ஆரம்பிப்போம். என் மகளுக்கு டான்சில் ஆபரேஷன் நடந்தபோது டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துச் சொல்கிறேன்: ஆபத்து பெரும்பாலும் இந்த மறைப்பில்தான் இருக்கிறது.

வெறும் வயிறு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அழுகிற பிள்ளைக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு பிஸ்கட் கொடுத்துவிடுவோம், இல்லையென்றால் பாட்டி கொடுத்துவிடுவார். மயக்க மருந்து ஏறியதும் இருமல், விழுங்கல் போன்ற தற்காப்பு எல்லாம் அடங்கிவிடும். அப்போது வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குள் போய்விடலாம். பொதுவாகத் திட உணவு, பசும்பால், பவுடர் பால் எல்லாவற்றையும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம், சில இடங்களில் 1 மணி நேரம். உங்கள் டாக்டர் சொல்லும் கணக்குதான் உங்களுக்கு. தவறிப்போய் ஏதாவது கொடுத்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். தேதி மாறினால் மாறட்டும். அதேபோல, பயந்துகொண்டு ராத்திரி முழுக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருப்பதும் தவறுதான். எதுவரை தண்ணீர் தரலாம் என்று நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சளி, காய்ச்சலை மறைப்பதும் இந்த வகைதான். சளி பிடித்த குழந்தையின் மூச்சுக்குழாய் எளிதில் எரிச்சலடையும். மயக்கத்தில் அது இறுக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆடுகிற பல் இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும், வாய்க்குள் குழாய் வைக்கும்போது அது விழுந்து உள்ளே போகலாம். ரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்திருந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். சில கோளாறுகள் பரம்பரையாக வரும்.

அடுத்தது குழந்தையிடமே சொல்கிற பொய். "சும்மா வெளியே போய்ட்டு வரலாம் வா", "ஊசியே போட மாட்டாங்க" என்று கூட்டிப் போவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். ஊசியைக் கண்ட அந்த நிமிஷமே குழந்தைக்கு நம்மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும். அப்புறம் கட்டு மாற்றுவதிலிருந்து மருந்து கொடுப்பது வரை எல்லாமே போராட்டம். சின்னப் பிள்ளைகளுக்கு ஓரிரு நாள் முன்பும், பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முன்பும் எளிமையாகச் சொன்னால் போதும். "மருந்து கொடுத்துத் தூங்க வைப்பாங்க, அப்போ வலி தெரியாது. எழுந்ததும் தொண்டை வலிக்கும், அதுக்கும் மருந்து உண்டு." இவ்வளவுதான். நாங்கள் பொம்மைக்கு மயக்க மருந்து முகமூடி வைப்பதுபோல விளையாடினோம், அது நன்றாகவே கைகொடுத்தது.

மயக்கம் தெளியும் நேரத்துக்கு நம்மையும் தயார் செய்துகொள்ள வேண்டும். என் மகள் கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னைத் தெரியவில்லை. முதுகை வில்லாக வளைத்துக் கத்தினாள், கையில் இருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள். பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளிடம் இது அதிகம். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், பிறகு அவர்களுக்கு ஞாபகமும் இருக்காது. "என்ன செய்தீர்கள்?" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போவதோ, குழந்தையை உலுக்கி எழுப்புவதோ வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாலே போதும். வலியாலும் அப்படி அழலாம் என்பதால், நர்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வலி மருந்தை, அழுதால் கொடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் சில நாள்கள், டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்க வேண்டும். சத்தமில்லாமல் சுருண்டு படுத்திருக்கிற குழந்தைக்கு வலி இல்லை என்று அர்த்தமில்லை. வீட்டில் இருக்கிற, பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது, அதுவும் ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில், எதைக் கண்டால் திரும்ப வர வேண்டும் என்று கேட்காமல் கிளம்பிவிடாதீர்கள். டான்சில் என்றால் 5 முதல் 10 நாளுக்குள் மறுபடி ரத்தம் கசியலாம். சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, தூக்கத்திலேயே விழுங்கிக்கொண்டிருக்கும். எச்சிலை அடிக்கடி விழுங்குவதைப் பார்த்தாலோ வாயில் ரத்தம் தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.