உப்புக்காற்றில் பழைய மரச்சாமானுக்கு மெழுகு பூசுவது எப்படி?

அம்மம்மாவின் பல்லாங்குழிப் பலகை பலாமரத்தில் செய்தது. திருகோணமலை, திருக்கடலூர் வீட்டில் கடலைப் பார்த்த யன்னலோரம் 40 வருடம் கிடந்தது. போன மார்கழியில் மழைக்குள்ளேயே அவசரப்பட்டு மெழுகு பூசினேன். இரண்டு கிழமையில் குழிகளுக்குள் சாம்பல் நிறப் பூஞ்சணம். மெழுகை டர்பன்டைனால் துடைத்தெடுத்து, ஆனி மாதம் மறுபடி தொடங்கினேன். இந்தமுறை சரியாக வந்தது.

முதலில் காலம். வாடைக்காற்று முடியும்வரை பொறுங்கள். கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்கள்தான் இதற்கு நல்லவை.

மெல்லிய பிரஷால் தூசு தட்டி, நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த பருத்தித் துணியால் துடையுங்கள். கடலுப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மரத்தில் வைத்துக்கொள்ளும், அதனால் துணியை மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை. சாண்ட்பேப்பர் போடவே வேண்டாம். கைபட்டுக் கைபட்டு வந்த மினுக்கம் போனால் திரும்ப வராது.

அப்புறம் காயவிடுவது. நான் சறுக்கியது இங்கேதான். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அதற்குமேல் மெழுகு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. வெயிலில் வைத்தாலோ மேற்புறம் முந்திச் சுருங்கி மரம் வெடிக்கும். நிழலில், அடியிலும் காற்றுப்பட இரண்டு கட்டைமேல் வைத்து, சமையலறைத் தராசில் தினமும் நிறுத்தேன். முதல்நாள் 1,240 கிராம். 1,182க்கு வந்து நான்கு நாள் அசையாமல் நின்ற பிறகுதான் மெழுகைத் தொட்டேன். மொத்தம் 13 நாள்.

50 கிராம் தேன்மெழுகைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். அடுப்பை அணைத்து, முற்றத்துக்குக் கொண்டுபோன பிறகே 150 கிராம் டர்பன்டைன் ஊற்ற வேண்டும். அதன் ஆவி தீப்பிடிக்கும். ஆறினால் மாஜரின் பதத்துக்கு வரும். பழைய டீசேர்ட் துணியால் மெல்லிசாகத் தேய்த்து, குழிகளுக்குள் பல் பிரஷால் பரப்பி, அரைமணி நேரம் விட்டு மினுக்குங்கள். மறுநாள் இன்னொரு தடவை. ஒரு துளி தண்ணீர் பரவாமல் உருண்டு நின்றால் போதும். காற்றிலுள்ள ஈரத்தை மெழுகு முழுதாகத் தடுக்காது, யன்னலோரம் திரும்ப வைக்காதீர்கள்.

பாலியூரித்தேன் வார்னிஷைப் பழைய பொருளில் பூச நான் விடமாட்டேன். பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயும் நாளடைவில் கறுத்து இறுகிவிடும். அருங்காட்சியகங்களில் பயன்படும் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் அசிட்டோனில் கரைத்து எடுக்கக்கூடியது, நல்ல பொருள். ஆனால் 40 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். எங்கள் தகரக்கூரை வீடுகளுக்கு மெழுகே என் தெரிவு.

பின்சேர்க்கை: வண்ணம் பூசிய கோயில் வாகனத்துக்கும் இதைப் பூசலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். டர்பன்டைன் சில வண்ணங்களைக் கரைக்கும். கண்ணுக்குப் படாத மூலையில் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் அதோடு நிறுத்தி, உலர்ந்த பிரஷால் தூசு மட்டும் தட்டுங்கள்.