சல்ஃபைட் லிக்கரைப் பிரிப்பது எப்படி: முதலில் சவ்வு, அப்புறம் ரெசின்

சல்ஃபைட் முறையில் மரச்சில்லுகளை வேகவைத்துக் கூழை எடுத்த பிறகு மிஞ்சும் பழுப்புக் கழிவுத் திரவத்தில், அதாவது லிக்கரில், மரத்தின் ஏறக்குறைய பாதி கரைந்திருக்கும். மரநார்களைப் பிணைக்கும் லிக்னின், சல்ஃபைட்டோடு சேர்ந்து நீரில் கரையும் வடிவமான லிக்னோசல்ஃபோனேட்தான் அதில் பெரும்பங்கு. கூடவே மேனோஸ், சைலோஸ் போன்ற சர்க்கரைகளும் அசிட்டிக் அமிலமும் ஃபர்ஃபுரலும் சிறு ஃபீனால்களும் இருக்கும். நார்வேயின் சார்ப்ஸ்போர்க்கில் உள்ள போரகார்ட் ஆலை, ஸ்ப்ரூஸ் மர லிக்னினிலிருந்து வெனிலின்கூடத் தயாரிக்கிறது. நாம் ஆய்வக அளவில் பெரிய லிக்னின், சிறு ஃபீனால், சர்க்கரை என மூன்று பங்காகப் பிரிப்போம்.

கிராஃப்ட் ஆலையின் (சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சல்ஃபைடு கரைசலில் மரத்தை வேகவைக்கும் ஆலை) கழிவுத் திரவமான பிளாக் லிக்கரில் பழக வேண்டாம். அதில் அமிலம் விட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், உயிரே போகலாம். சல்ஃபைட் லிக்கரும் சல்ஃபர் டை ஆக்சைடை விடும், அதனால் எல்லா வேலையும் ஃபியூம் ஹூடுக்குள்தான் (நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு).

படி 1: திடப்பொருள் சுமார் 2% ஆகும்வரை தண்ணீர் சேர்த்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் நார்த்துணுக்குகளை நீக்குங்கள்.

படி 2: கலக்கியுள்ள அழுத்தக் கலனில் 10 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அளவு; இதைவிடப் பெரியவற்றைப் பெரும்பாலும் தடுக்கும்) பாலிஈதர்சல்ஃபோன் சவ்வைப் பொருத்துங்கள். புதுச் சவ்வில் கிளிசரின் இருக்கும், முதலில் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். நைட்ரஜன் அழுத்தம் 3 பார் போதும். ஓட்டம் குறைகிறதே என்று அழுத்தத்தைக் கூட்டினால் சவ்வின் மேல் படிந்த லிக்னின் இன்னும் இறுகும். கலக்கும் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். பிறகு, வெளியேறும் அளவுக்கே தண்ணீர் விட்டுக் கொள்ளளவை மாற்றாமல் கழுவ வேண்டும். தடையின்றிக் கடக்கும் சர்க்கரையில், மூன்று கொள்ளளவு தண்ணீருக்குப் பிறகு உள்ளே சுமார் 5% மட்டுமே மிஞ்சும். சவ்வுக்கு மேலே நிற்பது பெரிய லிக்னோசல்ஃபோனேட்.

அடுத்த படியில் வரும் ரெசினை (சிறு ஃபீனால்களைத் தன்மேல் ஒட்டவைக்கும் நுண்துளை மணிகள்) முதலில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். பெரிய மூலக்கூறுகள் ரெசினின் நுண்துளைகளை அடைத்துவிடும், அவ்வளவுதான்.

படி 3: எக்ஸ்ஏடி-4 என்ற வகை ரெசினை எத்தனாலிலும் பிறகு தண்ணீரிலும் கழுவி, குழம்பாகவே குழாயில் நிரப்புங்கள். உலர விட்டால் காற்றுக்குமிழி புகுந்து திரவம் ஓரமாக ஓடிவிடும். சவ்வைக் கடந்த திரவத்தை பிஎச் 2-க்குக் கொண்டுவாருங்கள். வெனிலிக் அமிலம் போன்ற சிறு ஃபீனால்கள் அப்போதுதான் மின்னூட்டம் இழந்து ரெசினில் ஒட்டும். லிக்கர் கால்சிய வகையென்றால் சல்ஃபியூரிக் அமிலம் ஜிப்சத்தைப் படிய வைக்கும், ஹைட்ரோகுளோரிக் நல்லது. மணிக்கு இரண்டு ரெசின் கொள்ளளவு வேகத்தில் விட்டால் சர்க்கரை ஒட்டாமல் வெளியேறும். பிஎச் 2 தண்ணீரால் ஒருமுறை கழுவி, 70% எத்தனால் விட்டு ஃபீனால்களை இறக்குங்கள்.

படி 4: லிக்னினும் ஃபீனால்களும் உறிஞ்சும் 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். சர்க்கரை அங்கே உறிஞ்சாது. எனவே, ரெசினைக் கடந்து வருவதில் உறிஞ்சல் ஏறினால் ரெசின் நிறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஃபர்ஃபுரலின் உச்சமும் 277-இல்தான். சவ்வைக் கடந்த திரவத்தின் அளவீடு முழுவதையும் லிக்னின் கணக்கில் எழுதினால் கணக்கு வீங்கிவிடும். உலர் எடையையும் சேர்த்துப் பார்ப்பதே என் வழக்கம்.

சவ்வையும் ரெசினையும் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவி, பிறகு தண்ணீரில் அலசி, ஈரமாகவே வையுங்கள்.